ஊர் தூரமாக இருந்த காலம்: டெல்லித் தமிழர் வீடுகளில் எது மாறியது, ஏன் மாறியது

டெல்லியில் நாற்பது, ஐம்பது வருடம் குடியிருந்த தமிழர் யாரிடமாவது பழைய நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு, டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஓடும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு வந்துவிடும். கூஜா நிறையத் தண்ணீர், ஹோல்டாலில் சுருட்டிக் கட்டிய படுக்கை, மிளகாய்ப்பொடி தடவி அடுக்கிய இட்லி, நாக்பூர் பிளாட்பாரத்தில் வாங்கிய ஆரஞ்சு, ஜன்னலோரப் பிள்ளையின் கண்ணில் விழுந்த கரித்தூள். விஜயவாடா வந்ததும் பெரியவர்களுக்கு முகம் மாறிவிடும், பாதி ஊர் வந்த மாதிரி. என் வீட்டிலும் இதே கதைதான். அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து 1960-களில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர். நாங்கள் லட்சுமிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம்.

இந்த நினைவுகளைக் கேட்டுவிட்டு, 'அதெல்லாம் ஒரு காலம்' என்று பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நினைவுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு ரயில்வே அட்டவணை, ஒரு அரசு விதி, ஒரு கட்டண விகிதம், ஒரு வானிலை. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: டெல்லித் தமிழர் வீட்டின் அன்றாடத்தைத் தீர்மானித்தது, சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கும் சுமார் 2,180 கிலோமீட்டர். சமையலறையில் எத்தனை டப்பா இருக்க வேண்டும், பிள்ளைக்கு எப்போது காது குத்துவது, எந்தப் பக்கத்து வீட்டோடு ஒட்டி உறவாடுவது என்பதெல்லாம் அந்தத் தூரத்தைச் சமாளிக்க நாங்கள் கண்டுபிடித்த வழிகள். தூரம் குறையக் குறைய அந்த வழிகள் தேவையற்றுப் போயின.

இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். 1911 டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று அறிவிப்பு வந்தது. 1931-ல் புது டெல்லி முறையாகத் திறக்கப்பட்டது. இந்த மாற்றத்தோடு கணக்கு எழுதவும், சுருக்கெழுத்து எடுக்கவும், தட்டச்சு செய்யவும் ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தப் படிப்பு முதலில் கிடைத்தது பெரும்பாலும் பிராமணக் குடும்பங்களுக்கு. அதனால் முதலில் வந்தவர்களிலும் அவர்களே அதிகம். கோடையில் அரசாங்கம் சிம்லா ஏறும். கிளார்க்குகளும் பெட்டி படுக்கையோடு ஏறுவார்கள். குளிர்காலத்தில் மறுபடி இறங்குவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அமைச்சகங்கள் பெருகப் பெருக, பல சாதிகளிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கரோல் பாக்கில் வாடகைக்கு ஓர் அறை, பிறகு வரிசையில் காத்திருந்து ஒரு குவார்ட்டர்ஸ். சரோஜினி நகர், நேதாஜி நகர், லட்சுமிபாய் நகர், ஆர்.கே.புரம் என்று காலனிகள் எழுந்தன. சம்பளத்தை வைத்து வீட்டின் வகை தீர்மானமாகும். அதனால் ஒரே வரிசையில் ஒரே வருமானம் உள்ள பஞ்சாபி, வங்காளி, மலையாளி, தமிழர் என்று எல்லோரும் கலந்து இருந்தோம். வாசலுக்கு வெளியே இந்தி, உள்ளே தமிழ்.

சரி, ஊருக்கு எப்போது போவது? இதற்குப் பதில் சொன்னது குடும்பம் அல்ல, அரசு விதி. எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகையில், இரண்டு வருடத் தொகுப்புக்கு ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்வர அரசு கட்டணம் தரும். சொந்தக் காசில் நான்கைந்து பேரைச் சென்னைக்குக் கூட்டிப்போவது ஒரு கிளார்க்கின் சம்பளத்தில் நடக்கிற காரியமில்லை. ஆகவே வீட்டின் நாட்காட்டியே அந்த விதியைச் சுற்றித்தான் ஓடியது. மொட்டை, காது குத்தல், தங்கையின் கல்யாணம், பாட்டியைப் பார்ப்பது, நிலத் தகராறு பேசுவது எல்லாம் அந்த ஒரு மே-ஜூன் விடுமுறைக்குள் நடக்க வேண்டும். என் வயதுடைய டெல்லித் தமிழர் பலருடைய சிறுவயதுப் படங்களைப் பாருங்கள்: ஒரே சட்டையில், ஒரே வெயிலில், நான்கு விசேஷங்கள். காரணம் இதுதான்.

டிக்கெட் வாங்குவது அதற்கு முந்தைய போராட்டம். கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கவுண்டர், தடிமனான ஒரு பதிவேடு. முன்பதிவு தொடங்கும் நாளுக்கு முந்தைய இரவே போய் வரிசையில் துண்டு போட்டுப் படுத்தவர்கள் உண்டு. போகும் டிக்கெட் கிடைத்தாலும் திரும்பும் டிக்கெட்டுக்கு உத்தரவாதம் இல்லை. அதற்குத் தந்தி மூலம் சொல்லி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சென்ட்ரலில் இறங்கியதும் பயணம் முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு எழும்பூருக்குப் போய் மீட்டர் கேஜ் வண்டி பிடிக்க வேண்டும்.

ஜி.டி. எக்ஸ்பிரஸ் 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி. பிறகு பாதை சுருங்கி டெல்லி-சென்னை வண்டியானது. 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தபோது எங்கள் காலனியில் அதைப் பற்றியே பேச்சாக இருந்ததாக அம்மா சொல்வாள். சில நிலையங்களில் மட்டும் நிற்கும், நேரம் மிச்சம். 1985-ல் புது டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. எந்தக் கவுண்டரில் நின்றாலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் கிடைத்தது பெரிய விடுதலை. 2002-ல் இணையத்தில் டிக்கெட். 2003-லிருந்து மலிவு விலை விமானங்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் ஏ.சி. வகுப்பு ரயில் கட்டணத்துக்குப் பக்கத்தில் விமான டிக்கெட் கிடைக்கும் நாட்களும் வந்தன. இரண்டு இரவு மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

விளைவு என்ன? ஊருக்கு அடிக்கடி போகிறோம், ஆனால் இருப்பதில்லை. முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போனாலும் ஒரு மாதம் தங்கினோம். அத்தை வீட்டில் ஒரு வாரம், மாமா வீட்டில் ஒரு வாரம். அத்தை பிள்ளைகளோடு சண்டை போட்டு, சமாதானமாகி, கிணற்றில் குதித்து, கிளம்பும்போது அழுகிற அளவுக்கு நெருக்கம் வந்துவிடும். இப்போது சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு வெள்ளி இரவு இறங்கி ஞாயிறு மாலை ஏறிவிடுகிறார்கள். என் பிள்ளைகளுக்குத் தங்கள் சித்தப்பா பெண்ணின் முகம் தெரியும், குரல் தெரியும், அவள் எதற்குக் கோபப்படுவாள் என்பது தெரியாது. பயணம் எளிதானதில் நாம் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பும் பெட்டிகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். போகும்போது அவற்றில் உல்லன் துணியும் ஆக்ரா பேட்டா என்ற இனிப்பும் இருக்கும். வரும்போது புளி, நல்லெண்ணெய் டின், அப்பளம், வடாம், மணத்தக்காளி வத்தல், நார்த்தங்காய், மாவடு ஜாடி. டெல்லியில் புளிப்புக்கு ஆம்சூர் என்ற உலர்ந்த மாங்காய்ப் பொடிதான் எளிதில் கிடைத்தது. அதை வைத்து வத்தக்குழம்பு வைக்க முடியாது. கொண்டுவந்த புளி அடுத்த பயணம் வரை வர வேண்டும். அதனால் சமையலறையில் அலமாரியைவிட டப்பாக்கள் அதிகம். எது தீர்ந்துகொண்டிருக்கிறது, ஊரிலிருந்து அடுத்து வரப்போவது யார், அவர்களிடம் என்ன சொல்லி அனுப்பலாம் என்ற கணக்கு அம்மாவின் மனதில் எப்போதும் ஓடும். அந்தத் தெருவில் ஊருக்குப் போகிற எந்தத் தமிழ்க் குடும்பமும் தன் சாமானோடு மற்ற இரண்டு வீட்டுச் சாமானையும் தூக்கி வரும். இது உபகாரம் என்று யாரும் பேசிக்கொண்டதில்லை. அடுத்த முறை நம் முறை, அவ்வளவுதான்.

இட்லிதான் பெரிய சவால். புழுங்கலரிசிக்குப் பதில் கடைகளில் செல்லா அரிசி என்று ஒன்று கிடைக்கும்; அதை வைத்துச் சமாளித்தார்கள். அரிசியைச் சமாளித்தாலும் டிசம்பர், ஜனவரிக் குளிரைச் சமாளிக்க வேண்டுமே. மாவு பொங்குவதற்கு வேண்டிய வெதுவெதுப்பு டெல்லியின் குளிர்கால இரவில் கிடையாது. மாவுப் பாத்திரத்தை ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையில் சுற்றி மூலையில் வைப்பது, அங்கீட்டி என்ற கரி அடுப்பின் பக்கத்தில் வைப்பது, அரிசி டப்பாவுக்குள் புதைப்பது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வித்தை. காலையில் மாவு பொங்கவில்லை என்றால் அன்று இட்லி இல்லை, தோசை. அதுவும் சரிவராவிட்டால் பராட்டா. இப்படித்தான் பராட்டா எங்கள் வீடுகளுக்குள் வந்தது. வடநாட்டு உணவின் மேல் ஆசை அப்புறம் வந்தது. முதலில் வந்தது பொங்காத மாவு.

கறிவேப்பிலைக்கு இன்னொரு வழி இருந்தது. குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் கொஞ்சம் மண் இருக்கும். தமிழரோ மலையாளியோ இருந்த வீடு என்பதை அங்கே நிற்கும் கறிவேப்பிலைச் செடியையும் முருங்கையையும் வைத்தே சொல்லிவிடலாம். மாற்றலாகிப் போனவர்கள் செடியை விட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் வரும் பஞ்சாபிக் குடும்பத்திடம், 'பஹன்ஜி, கொஞ்சம் பறித்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டு உள்ளே போவது எங்கள் வேலை. அப்படிப் போன இடத்தில்தான் அம்மா ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். குளிர்கால வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து பின்னும் பெண்கள் கூட்டத்தில் தமிழும் பஞ்சாபியும் உடைந்த இந்தியில் சந்தித்துக்கொண்டன. அம்மா பின்னிய முதல் ஸ்வெட்டரின் கை எனக்கு நீளமாக இருந்தது. அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று வேண்டுமென்றே அப்படிப் பின்னியதாகச் சொன்னாள்.

பிறகு ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் கரோல் பாக்கிலும் தென்னிந்தியச் சாமான்கள் வழக்கமாகக் கிடைக்க ஆரம்பித்தன. சேனை, வாழைப்பூ, கீற்றாக நறுக்கிய பூசணி எல்லாம் வந்தன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் வந்தது. இப்போது பாக்கெட் மாவு வந்துவிட்டது, செல்போனில் சொன்னால் கறிவேப்பிலை பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகிறது. இதில் அம்மாக்களுக்கு லாபமே என்பதைத் தயங்காமல் சொல்கிறேன். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து விடிகாலையில் அரைத்தவர்கள் அந்த நாட்களுக்கு ஏங்குவதில்லை; அரைத்ததைச் சாப்பிட்டவர்கள்தான் ஏங்குகிறோம். பழைய நினைவுகளைப் பேசும்போது இந்த வித்தியாசம் மறந்துபோகக் கூடாது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஒரு டம்ளர் காபிப்பொடி கடன் கேட்டு, ஒரு பிடி கறிவேப்பிலை கேட்டு, ஊருக்குப் போகிறவரிடம் ஒரு பொட்டலம் சொல்லி அனுப்பி, என்று இல்லாமைதான் எங்களை ஒருவர் வாசலுக்கு ஒருவர் போக வைத்தது. எல்லாம் கிடைத்தபோது போவதற்குக் காரணம் இல்லாமல் போனது.

செய்தி போய்ச் சேர்ந்த விதத்தைப் பற்றிச் சொல்வது எனக்கு எளிதல்ல.

நீல நிற இன்லேண்ட் லெட்டர்தான் வீட்டின் மூச்சு. எழுதினால் போய்ச் சேர நாலைந்து நாள், பதில் வர இன்னொரு நாலைந்து நாள். பாட்டி ஓரங்களில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பாள். கடிதத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று இரண்டு பக்கமும் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே அப்பாவுக்கு டைஃபாய்டு வந்தது ஊருக்குத் தெரியாது. குணமான பிறகு 'கொஞ்சம் ஜுரம் இருந்தது' என்று ஒரு வரி போகும். அங்கே தாத்தாவுக்குக் கண் மங்கியது இங்கே தெரியாது. தூரத்தில் இருப்பவரைக் கலங்க வைத்து என்ன பயன் என்ற எண்ணம். இரு தரப்புக்கும் அது அன்பின் ஒரு வடிவம்.

தந்தி வந்தால் மட்டும் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். தாத்தா போன செய்தி அப்படித்தான் வந்தது. அப்பா மூத்த பிள்ளை. அன்றைய வண்டியைப் பிடித்தாலும் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடியும். விமானம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விஷயம். கொள்ளியைச் சித்தப்பா வைத்தார். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அந்தத் தலைமுறையில் டெல்லிக்கு வந்த பிள்ளைகள் பலர் தாய் தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அந்த இரவு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எதிர்வீட்டுச் சர்தார்ஜி. அவர் 1947-ல் லாகூரிலிருந்து வந்தவர். பிறகு ஊரைப் பார்க்கவே வாய்க்காதவர். எதுவும் பேசாமல் விடியும்வரை இருந்தார். காலையில் ஸ்டேஷனுக்குத் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். அக்கம்பக்கம் என்பது எங்களுக்கு ஏன் உறவைவிடப் பெரிதாக இருந்தது என்று கேட்பவர்களுக்கு, உறவு வந்து சேர மூன்று நாளாகும் என்பதுதான் பதில்.

1980-களின் பிற்பகுதியில் வெளியூருக்குப் பேசும் மஞ்சள் பலகை வைத்த எஸ்.டி.டி. தொலைபேசி பூத்கள் முளைத்தன. பகலில் பேசினால் கட்டணம் கடிக்கும். இரவு ஏற ஏறக் குறையும், பதினொரு மணிக்கு மேல் கால் பங்கு. அதனால் தமிழர் குடும்பங்கள் இரவு பத்தேமுக்காலுக்கே போய் வரிசையில் நிற்கும். மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசியதால் எல்லோரும் வேகமாகப் பேசினோம். 'சௌக்கியமா, சௌக்கியம், எல்லாரையும் கேட்டதா சொல்லு' என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். 1995-ல் செல்போன் வந்தது. ஆனால் வரும் அழைப்புக்கும் காசு. 2003-ல் அது இலவசமான பிறகுதான் கிளார்க் குடும்பங்களும், வீட்டு வேலை செய்கிறவர்களும், கொத்து வேலைக்காரர்களும் கையில் செல்போன் வைத்துக்கொண்டார்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நிம்மதி என்றார். இன்று வாட்ஸப் குழுவில் சித்தியின் ரத்த அழுத்தம் காலையும் மாலையும் வருகிறது. மறைப்பதற்கு வழியில்லை, மறைக்கத் தேவையும் இல்லை. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அப்பாவுக்கு நேர்ந்தது என் தம்பிக்கு நேரவில்லை. அப்பா போனபோது அவன் நேரத்துக்கு வந்து சேர்ந்தான்.

தமிழ் காதில் விழுவதற்கும் வழிகள் குறைவாகவே இருந்தன. வாரப் பத்திரிகைகள் ரயிலில் வந்து, தாமதமாக விற்பனைக்கு வந்து, ஒரு பிரதி ஐந்து வீடு சுற்றும். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்துத் தைத்து வைப்பார்கள். ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி டெல்லியிலிருந்துதான் வாசிக்கப்பட்டது. 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்ற குரலைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் குரல் கிளம்பிய நகரத்தில் இருந்தோம் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழ் வரும் வாரம் எது என்று காத்திருந்து, வந்தால் தெருவின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் டி.வி. இருக்கும் ஒரு வீட்டில் கூடும். 1993-ல் சன் டி.வி. தொடங்கி, கேபிள் பரவியதும் இப்படிக் கூடுவது முடிந்துவிட்டது.

இந்தத் தூரம்தான் நிறுவனங்களையும் கட்ட வைத்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாது என்று 1920-களிலேயே ஒரு பள்ளி முயற்சி தொடங்கி, டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்தது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ஆர்.கே.புரம், பூசா ரோடு, ஜனக்புரி. 1946-ல் டெல்லித் தமிழ்ச் சங்கம். ஆர்.கே.புரம் குன்றின் மேல் 1973-ல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாத சுவாமி கோயில், எல்லோருக்கும் மலை மந்திர். மாதச் சம்பளக்காரர்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்து, அலுவலகம் முடிந்து சைக்கிளில் போய் வசூல் செய்து கட்டியவை இவை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்தவர்களில் அண்டர் செக்ரட்டரியும் இருந்தார், பியூனும் இருந்தார். ஊர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் குன்றில் இவ்வளவு உழைப்பைக் கொட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஊரில் திருவிழாவுக்குப் போகலாம் என்றால் இங்கே எதற்கு ஒரு திருவிழா?

பிறகு என்ன ஆயிற்று? ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முதல் தலைமுறை பெரும்பாலும் நங்கநல்லூருக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ திரும்பியது. அடுத்து வந்தவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் மயூர் விஹார், பட்பட்கஞ்ச், துவாரகா என்று ஃபிளாட் வாங்கிச் சிதறினார்கள். பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் போய், அங்கிருந்து பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கி, 2005-ல் கரோல் பாக்கையும் 2009-ல் மயூர் விஹாரையும் தொட்டது. இன்று யாரும் யார் வீட்டுக்கும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் வரிசைகள் பலவும் மறுசீரமைப்புத் திட்டத்தில் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கறிவேப்பிலையும் முருங்கையும் அதோடு போயின.

வீட்டுப் பெரியவர்களிடம் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யலாம் என்று இப்போது நிறையப் பேர் நினைக்கிறார்கள். நல்ல காரியம். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று மட்டும் கேட்காதீர்கள். 'நன்றாக இருந்தது' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். ரயிலில் என்ன கட்டிக்கொண்டு போனீர்கள், டிக்கெட்டுக்கு யார் வரிசையில் நின்றது, பால் பூத்துக்கு யார் விடிகாலையில் பாட்டிலோடு போனது, தந்தியை யார் படித்துச் சொன்னது என்று கேளுங்கள். முக்கியமாகப் பாட்டிகளிடம் தனியாகக் கேளுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் அவர்தான் பேசுவார்.

இன்னொரு டெல்லித் தமிழர் கூட்டம் உண்டு. எங்கள் நினைவுகளில் அவர்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள், அது சரியில்லை. ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற பெரிய வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் என்ற குடியிருப்பு ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தது. சேலம், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்த குடும்பங்கள் பல. அவர்களும் அதே ஜி.டி. எக்ஸ்பிரஸில்தான் வந்தார்கள், முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரமாக உட்கார்ந்து. எல்.டி.சி. கிடையாது, குவார்ட்டர்ஸ் கிடையாது. ஆண்கள் கூலி வேலை, பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன், டிஃபென்ஸ் காலனி வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கும் வேலை. ஜங்புராவில் இருந்த என் பெரியம்மா வீட்டுக்குக் கேம்ப்பிலிருந்து வேலைக்கு வந்த பெண், காலை ஐந்து வீடு முடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டுத் திரும்பி வருவாள். அவள் வாழ்க்கை முழுக்க அந்த நடை தூரத்துக்குள் அடங்கியிருந்தது. கேம்ப்பிலிருந்து பல பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். கிளார்க் குடும்பங்கள் கட்டிய பள்ளி, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் விலகிய பிறகு, இவர்களால் தமிழ்ப் பள்ளியாகத் தொடர்ந்தது.

2025 ஜூன் 1-ஆம் தேதி அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் நாலா நிரம்பி வெள்ளம் வருவதைத் தடுக்கக் கரையைக் காலியாக்க வேண்டும் என்பது காரணம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடந்தது. தகுதி உண்டு என்று பட்டியலில் வந்த குடும்பங்களுக்கு நரேலாவில் ஃபிளாட் ஒதுக்கப்பட்டது. பட்டியலில் வராதவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலா டெல்லியின் வடமேற்கு விளிம்பு. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், மெட்ரோ அங்கே இன்னும் போகவில்லை. காலை ஏழு மணிக்கு முதல் வீட்டுப் பாத்திரத்தைத் தொட வேண்டிய பெண் நரேலாவிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும், நடுவில் பிள்ளைக்குச் சோறு போட எப்படிப் போவது, தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை எங்கே சேர்வது என்பவை இன்றைய அன்றாடக் கேள்விகள். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. ஊரில் நிலமோ வீடோ இல்லாமல் கிளம்பி வந்தவர்களின் மூன்றாம் தலைமுறைக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சென்னைக்கான எங்கள் தூரம் மூன்று மணி நேரமாகக் குறைந்த அதே ஆண்டுகளில், வேலை செய்யும் வீட்டுக்கான அவர்கள் தூரம் பத்து நிமிட நடையிலிருந்து இரண்டு பஸ் மாறும் பயணமாக நீண்டுவிட்டது. டெல்லித் தமிழரின் மாறிய அன்றாடத்தைப் பதிவு செய்கிறவர்கள் கரோல் பாக்கிலும் மயூர் விஹாரிலும் பேச்சை முடித்துக்கொள்ளாமல் நரேலாவுக்கும் போக வேண்டும். கேம்ப்பில் முதன்முதலில் குடிசை போட்டவர்களில் இன்னும் இருப்பவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல். பெயர் தெரிந்த பக்கத்து வீடுகள் சிதறுவதற்குள் அவர்களிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன: முதல் குடிசைக்கு மூங்கில் எங்கே கிடைத்தது, தண்ணீர்க் குழாய் எந்த வருடம் வந்தது, ஊருக்கு மணியார்டர் படிவத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள், அந்தக் குளிரில் அவர்கள் வீட்டு மாவு எப்படிப் பொங்கியது.